தன்சிங் தாபா இருந்த ஊரில் நாமும் இருந்தோம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசினபோது எனக்குச் சட்டென்று வார்த்தை வரவில்லை. வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. "என்னைவிடப் பத்து வயசு சின்னவன் மேனேஜர். இங்க யாருக்கும் நான் யாருன்னே தெரியாதும்மா" என்றாய். பட்டாளத்தில் சேனா மெடல் வாங்கின வருஷம் பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்தது இந்த ஊர். இப்போது குடோனில் சரக்குக் கணக்குப் பார்க்கிறாய். உனக்கு எங்கே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும்.

லக்னோவில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது நீ ஏழாவது படித்தாய். பக்கத்து வீட்டில் ஒரு கூர்க்கா அக்கா இருந்தார், நினைவிருக்கிறதா? மேஜர் தன்சிங் தாபாவைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் அவர்தான். தாபா அப்போது அதே லக்னோவில்தான் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அப்பா சொல்லிக் கேட்டதும் பிற்பாடு நானே படித்ததும்தான் மீதி.

லடாக்கில் பாங்காங் ஏரியின் வடகரையில் சிரிஜாப் என்று ஒரு காவல்நிலை. ஏறத்தாழ 14,000 அடி உயரம். 1962 அக்டோபர் 20 விடியற்காலையில் சீனர்கள் பீரங்கியால் அடிக்க ஆரம்பித்தபோது அங்கே தாபாவோடு 8வது கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆட்கள் 28 பேர். எதிரே ஏறத்தாழ 600 பேர். இரண்டு தடவை விரட்டி அடித்தார்கள். மூன்றாவது தடவை குண்டு தீர்ந்துபோய்விட்டது. தாபா பதுங்குகுழியை விட்டு வெளியே பாய்ந்து, குக்ரி கத்தியோடு கைகலந்திருக்கிறார். உதவிக்குப் போன படகில் தப்பித்து வந்தவர், சிரிஜாப்பில் யாருமே மிஞ்சவில்லை என்று சொல்லிவிட்டார். அரசாங்கமும் தாபா இறந்துவிட்டதாகவே நினைத்து, போர் வீரத்துக்கான பரம்வீர் சக்ரா பதக்கத்தை அறிவித்தது.

அவர் சாகவில்லை, தம்பி. சீனாக்காரர்களின் கையில் சிக்கியிருந்தார்.

இந்த இடம் வந்தாலே எனக்கு 1999 வந்துவிடும். கார்கில் சமயம். அப்பாவிடமிருந்து நாற்பது நாள் கடிதம் இல்லை. 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத் தபால் முகவரி எழுதி நான் போட்ட கடிதமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. தினமும் பதினொரு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தபால்காரர் சைக்கிள் நம் வீட்டைத் தாண்டிப் போனால் ஒரு மூச்சு, நின்றால் ஒரு மூச்சு. எனக்கு நாற்பது நாள்தான். தாபாவின் மனைவி மாதக்கணக்கில் பொட்டில்லாமல் இருந்திருக்கிறார். வீட்டில் கருமாதியே முடிந்துவிட்டது. 1963 மே மாதம் மனிதர் உயிரோடு வந்து நிற்கிறார். கருமாதி செய்த ஆளை அப்படியே வீட்டுக்குள் விட முடியாதே. தலையை மழித்து, குழந்தைக்கு வைப்பதுபோல மறுபடி பெயர் வைத்து, அந்த மனைவியையே இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்ள வைத்தார்களாம். கூர்க்கா அக்கா இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார், நான்தான் அழுதேன்.

அதற்கப்புறமும் அவர் 1980 வரை பட்டாளத்தில் இருந்தார். நீ மொத்தமாகச் செய்த சர்வீஸ் எவ்வளவோ, அவ்வளவு, 17 வருஷம். லெஃப்டினன்ட் கர்னலாக ரிட்டையர் ஆகி லக்னோவில் தங்கினார். பிறகு சகாரா ஏர்லைன்ஸில் இயக்குநராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி விமானம் விட ஆரம்பித்ததே 1993 கடைசியில்தான். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சிரிஜாப்பைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த வேலையை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போர் வீரத்துக்கு நாட்டிலேயே பெரிய பதக்கம் வாங்கினவர், அந்த வயதில் காலையில் கிளம்பி ஒரு கம்பெனி மேஜைக்குப் போயிருக்கிறார். அது எப்படி இருந்தது என்று யாராவது அவரிடம் கேட்டு எழுதியிருந்தால், இன்று உனக்கு நான் அதைத்தான் வெட்டி அனுப்பியிருப்பேன். 2005 செப்டம்பரில் அவர் போய்விட்டார். எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயர் இருந்தது. அந்தமானில் ஒரு தீவுக்கு 2023-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

உன் மேனேஜரைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. லாரி ஏற்றும்போது எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று நீ சொன்னதை அந்தப் பையன் உடனே கேட்டுக்கொண்டான் என்றாயே. ஏன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை என்றாய். அவனுக்கு உன் மெடல் தெரியாது. அப்படியும் நீ சொன்னதைக் கேட்டான். இதை நீ ஏதோ குறையைச் சொல்கிற மாதிரி சொன்னாய். எனக்குக் காது குளிர்ந்தது.

நேற்று உன் கறுப்பு ட்ரங்கைத் திறந்தேன். மூடிமேல் வெள்ளை பெயின்ட்டில் எழுதின உன் நம்பர் இன்னும் அழியவில்லை. யூனிஃபார்மைத் திண்ணையில் உதறிக் காயவைத்து, மடிப்பில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறேன். மெடலை அப்பாவின் மெடல்களோடு வைக்கலாமா, தனியாக வைக்கலாமா என்று தெரியவில்லை. பெட்டியைப் பூட்டவில்லை. பொங்கலுக்கு வரும்போது நீயே எடுத்து வை.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கான மருத்துவ கார்டு, அந்த இ.சி.எச்.எஸ். கார்டு வந்துவிட்டது. முறுக்கு பார்சலோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அம்மா