டிஸ்ப்ளே வராத கணினியை ஒதுக்கும் முன்...

ஆசிரியருக்கு வணக்கம்.

'டிஸ்ப்ளே வரவில்லை' என்ற ஒரே காரணத்தால் பழைய டெஸ்க்டாப்புகளைப் பள்ளிகளும் நூலகங்களும் கழித்துவிடக் கூடாது. பலவற்றுக்கு ஒரு பென்சில் ரப்பரே போதும்.

முதலில் பழுது மானிட்டரிலா, சிபியுவிலா என்று பிரித்துப் பாருங்கள். கேபிளைச் சிபியு பக்கம் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போட்டால், கேபிளைச் சரிபார்க்கச் சொல்லி எழுத்து வர வேண்டும். வந்தால் மானிட்டர் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. வராவிட்டால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் போனது பின்விளக்கு. அதற்காக மானிட்டரை நீங்களே திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, திரையில் 'நோ சிக்னல்', கூடவே நீண்ட பீப் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால் முதல் சந்தேகம் ரேம் (நினைவகப் பலகை) மீதுதான். கடலோர ஊர்களின் ஈரக் காற்றும் தூசியும் அதன் தொடுமுனைகளில் படலமாகப் படிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, பொன்னிற முனைகளை இருபுறமும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். இரு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

கணினி காட்டும் தேதி பின்னோக்கி ஓடியிருந்தால் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகை) இருக்கும் நாணய வடிவ சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள். அது 3 வோல்ட் பேட்டரி, மீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் ஆயுள் முடிந்தது. சில போர்டுகள் இந்தப் பேட்டரி செத்தாலே கிளம்ப மறுக்கும்.

படம் வந்து நிறம் மட்டும் கெட்டிருந்தால் மானிட்டரைச் சிபியுவோடு இணைக்கும் விஜிஏ கேபிளைப் பாருங்கள். சிவப்பு இணைப்பு விட்டால் திரை நீலப்பச்சையாகும், நீலம் விட்டால் மஞ்சளாகும். அதன் முனையில் வளைந்த பின்னை (ஊசியை) நிமிர்த்தினால் போதும். 15 பின்களில் ஒன்பதாவது பல கேபிள்களில் பிறவியிலேயே இருக்காது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் மதர்போர்டில் உச்சி உப்பிய கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்குநர்,
நாகப்பட்டினம்