ஞாயிறன்று பூட்டிய தறிக்கூடம்

ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் நடக்கும் கைவினைக் குழுவில் மூன்று மாதமாக இருக்கிறேன். மண்பாண்டம், கூடைப்பின்னல் எல்லாம் உண்டு. எனக்குத் தறிதான். 2005-06லேயே புவிசார் குறியீடு பெற்றது பவானி ஜமக்காளம்; அந்தப் பவானிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், தரைக் குழிக்குள் கால்விட்டு மிதித்து நெய்யும் குழித்தறியில் கால் வைத்தது அறுபது வயதில்தான்! மிதியை மாற்றி மிதித்தால், குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடா நடுவில் சிக்கும். "பதறாதீங்க அம்மணி" என்று சொல்லித்தரும் பெரியவர் இழையைப் பிரித்துவிடுவார்.

வகுப்பு வார நாளில் காலை 11 மணிக்கு. விசைத்தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற பெண்கள் எப்படி வருவார்கள்? ஞாயிறன்று கதவில் பூட்டு. விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்றொரு கட்டம் வேறு. அதைப் பார்த்தே பக்கத்து வீட்டு அக்கா திரும்பிவிட்டார். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, ஞாயிறு ஒரு வேளையாவது திறக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்