பாதையைத் திருப்பியவர்களுக்கு நன்றி

மட்டக்களப்பு மண்டூரிலிருந்து எழுதுகிறேன். கடைசிக் குளிசை முடிந்து மூன்றாம் நாளான நேற்று, எங்கள் நாய் ஜிம்மியின் இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் "இனிப் பயமில்லை" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் இதை எழுத மனம் வந்தது.

நெல் மூட்டை அடுக்கிய அறையில் எலிப்பாசாணம் வைத்தது நான்தான். பின்னேரம் பார்த்தால் ஜிம்மியின் மீசையில் பச்சைத் துகள்கள். ஆனால் அவன் வாலை ஆட்டிக்கொண்டு நின்றான், தண்ணீர் குடித்தான். "நல்லாத்தானே நிக்குது, விடிய பாப்பம்" என்றார்கள் வீட்டில். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாந்தி எடுக்கவைக்க உப்புக் கரைக்கப் போன என் கையைப் பிடித்து, "பருக்காத மனே, முதல்ல டொக்டருக்கு எடு" என்ற பக்கத்து வீட்டு மாமிக்கு முதல் நன்றி. உப்புத் தண்ணீரே நாய்க்கு நஞ்சாகிவிடும் என்று டொக்டர் போனில் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. கிழிந்த எலிப்பாசாணப் பக்கெட்டைத் துண்டு துண்டாகப் பொறுக்கி சொப்பின் பையில் போட்டுத் தந்தாள் மாமியின் பேத்தி. பக்கெட்டில் இருந்த பெயரை வாசித்ததும் டொக்டர் சொன்னார்: இது இரத்தத்தை உறையவிடாத வகை. இரத்தம் உறையத் தேவையான விற்றமின் கே உடம்பில் மிச்சமிருந்து தீரும்வரை, மூன்று நான்கு நாளைக்கு, நாய் ஒன்றுமே காட்டாது. அப்புறம் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். நஞ்சு வயிற்றில் இருக்கும்போதே, இரண்டு மணித்தியாலத்துக்குள் வந்துவிடுங்கள்.

துறைக்குப் போனபோது குருமண்வெளிப் பாதை, அதாவது வாவியைக் கடக்க ஆட்களை ஏற்றிப்போகும் மிதவை, கரையை விட்டு நகர்ந்துவிட்டது. நாயைத் தூக்கிக் காட்டி நான் கத்தினேன். பாதைக்காரர் ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை, திருப்பிக் கொண்டுவந்தார். வேலை முடிந்து வீடு போகிறவர்கள், குழந்தையோடு நின்ற பெண், யாருமே முகம் சுளிக்கவில்லை. ஒருவர் தன் சாரனின் நுனியை நனைத்து ஜிம்மியின் வாயைத் துடைத்தார். அவர் யாரென்று இன்றும் எனக்குத் தெரியாது. துடைத்த பச்சை அந்தச் சாரனில் ஒட்டியிருந்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

வாவியின் மறுபக்கமான எழுவான்கரையில் காத்திருந்த ஆட்டோத் தம்பி காசு வாங்க மறுத்துவிட்டான்.

டொக்டர் வாந்தி எடுக்கவைத்தபோது வந்தது அரைக்கைப் பச்சைக் கட்டிகள். மிச்ச நஞ்சை உறிஞ்ச மருந்துக்கரி கொடுத்தார், விற்றமின் கே1 தொடங்கினார். நான்கு வாரம், ஒரு நாளும் விடக்கூடாது, கொழுப்புச் சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும் என்றார். பாமசியில் இரண்டு வாரத்துக்குத்தான் குளிசை இருந்தது. மீதியை மட்டக்களப்பு டவுனில் தேடிப்பிடித்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பாமசிப் பிள்ளைக்கும் என் நன்றி.

முட்டை மஞ்சட்கருவில் பொதிந்துதான் குளிசை கொடுத்தோம். இப்போது குளிசை இல்லை, ஆனாலும் அந்த நேரத்துக்கு ஜிம்மி குசினி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறான்.

சாரன் கட்டிய அண்ணன் இதை வாசித்தால், ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். எருமைத் தயிர் உறையவைத்திருக்கிறோம்.