நெல்லையில் எந்த நெட் நல்லது? பழுது நேரத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நெல்லைப் பதிப்பில் வீட்டு இணைய இணைப்புகளின் கட்டண ஒப்பீடு ஒன்று வந்திருந்தது. எந்த நிறுவனம், எத்தனை எம்பிபிஎஸ் வேகம், மாதம் எவ்வளவு, கூடவே எந்த ஓடிடி இலவசம் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். மெனக்கெட்டுச் செய்திருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அந்தக் கட்டத்தை மட்டும் வைத்துத் திருநெல்வேலியில் ஒருவர் இணைப்பு எடுத்தால் முக்கியமான விஷயம் எதுவும் தெரியாமலேதான் எடுப்பார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், இடம் இருந்தால் முழுதாகப் போடுங்கள்.

நான் பெருமாள்புரத்தில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். மாதம் 20-ஆம் தேதிக்குள் 3பி படிவம் போக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதைக் கட்டுவது ஏற்கெனவே வியாபாரம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பாத்திரக்கடை அண்ணாச்சி. எனக்கு 300 எம்பிபிஎஸ் வேண்டாம். 19-ஆம் தேதி சாயங்காலம் லைன் போனால் 20-ஆம் தேதி காலையில் யார் வந்து சரி செய்வார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். இந்தக் கேள்விக்கு எந்த விளம்பரத்திலும் பதில் இல்லை.

விலை பெரிய வித்தியாசமே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பரில் ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் என்று கொடுக்கத் தொடங்கியது, ஏர்டெல் 499-க்கு 40 என்றது, பிஎஸ்என்எல் அதே ஆண்டில் 449-க்கு 30 என்று வந்தது. அன்றிலிருந்து எல்லோரும் பக்கத்துப் பக்கத்து விலையில்தான் நிற்கிறார்கள். திட்டங்களின் பெயர் மாறும், பண்டிகைச் சலுகை வரும், ஆறு மாதம் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விளம்பரத்தில் போடும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 399 என்றால் கையை விட்டுப் போவது 470 ரூபாய் 82 காசு. உங்கள் கட்டத்தில் சில திட்டங்களுக்கு வரியோடும் சிலவற்றுக்கு வரியில்லாமலும் போட்டிருந்தீர்கள், அடுத்த முறை அதை ஒரே மாதிரி செய்யுங்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, மெகாபைட் அல்ல. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதுவே ஒரு குடும்பத்துக்குத் தாராளம். நல்ல தரத்தில் ஒரு படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும், பெரிய 4கே டிவிக்கே 15-லிருந்து 25 வரை இருந்தால் போதும். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் தாங்கும். 100-க்குப் பணம் கட்டிவிட்டு ‘முப்பதுதான் காட்டுது’ என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் லைனில் இருக்காது, கூடவே கொடுத்த மோடத்தில் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய வகை மோடத்தில், அதுவும் இரண்டு சுவர் தாண்டி, அதற்கு மேல் வருவது கஷ்டம். 5 கிகாஹெர்ட்ஸும் சேர்ந்த மோடமாகத் தருகிறார்களா என்று முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும். மாதம் 3.3 டிபி (டெராபைட்) டேட்டா என்கிற உச்ச அளவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை, அது நாளுக்கு 110 ஜிபி, சாதாரண வீட்டில் தீராது.

சரி, அப்புறம் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? தெருவை வைத்துத்தான். இதை நம் ஊரில் இருக்கிறவர்கள் எல்லோரும் அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஒரே நிறுவனத்தின் இணைப்பு மகாராஜ நகரில் நன்றாக ஓடும், பேட்டையில் வாரத்துக்கு ஒருமுறை நிற்கும், மேலப்பாளையத்தில் அந்த நிறுவனமே இருக்காது. காரணம் எளிது. பிஎஸ்என்எல் ஃபைபரை, அதாவது கண்ணாடி இழை கேபிளை, பல இடங்களில் வீடு வரை கொண்டுவருவதும் பராமரிப்பதும் அந்தந்தப் பகுதியின் தனியார் கூட்டாளிகள், பலர் ஏற்கெனவே கேபிள் டிவி நடத்தியவர்கள், வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு. ஏர்டெல்லும் சிறிய ஊர்களில் கேபிள் ஆபரேட்டர்களோடு சேர்ந்துதான் விரிவாக்குகிறது. அதனால் பில்லில் இருப்பது பெரிய கம்பெனியின் பெயர், உங்கள் வீட்டு வாசலில் ஏணியோடு நிற்பது உள்ளூர்க்காரர். அவரிடம் எத்தனை ஆள் இருக்கிறார்கள், அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறதா அல்லது இன்னொருவரிடம் இரவல் வாங்கித்தான் வேலை பார்க்கிறாரா, இதுதான் உங்கள் இணைப்பின் தரம்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது, உள்ளே வரும் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். போன் செய்தால் முதல் கேள்வியே ‘அண்ணாச்சி, லாஸ் லைட் செவப்பா எரியுதா?’ என்பதுதான். வந்த தம்பி வயரின் மேல்தோலை உரித்து, தலைமுடி கனத்தில் இருந்த கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முனையை நேராக வெட்டி, மெஷினுக்குள் இரண்டு முனையையும் வைத்து மூடினார். சில நொடிகளில் ஒட்டிவிட்டது. அப்புறம் ஒரு சின்ன மீட்டரைச் செருகிக் காட்டினார், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு மைனஸ் 21 டிபிஎம். மைனஸ் 27-ஐத் தாண்டினால் நெட் விட்டு விட்டுத்தான் வரும் என்று விளக்கமும் சொன்னார். வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: புது இணைப்பு கொடுக்க வரும்போதே அந்த மீட்டர் அளவைக் காட்டச் சொல்லி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘உங்க வீட்டு வைஃபைதான் சரியில்ல’ என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

வேலை இவ்வளவுதான், வெயிலில் ஏணி மேல் நின்று செய்தால்கூட அரை மணி நேரம். ஆனால் அந்த அரை மணி வேலைக்கு ஆள் வருவதற்கு நாங்கள் நாள் கணக்கில் காத்திருந்திருக்கிறோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கால் சென்டரில் புகார் எண் தருகிறார்கள், மறுநாள் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வருகிறது, இங்கே சிவப்பு விளக்கு அப்படியே மின்னிக்கொண்டிருக்கிறது. திரும்பக் கூப்பிட்டால் புதுப் புகார் எண். பழையது கணக்கில் முடிந்துபோய்விடுகிறது, ஆகவே அவர்களின் ஏட்டில் எங்கள் தெருவில் ஒரு பழுதுகூட இரண்டு நாளைத் தாண்டியிருக்காது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். லைன் அறுவது நிறுவனத்தின் தவறு இல்லை. சரி செய்யாததைச் சரி செய்துவிட்டதாக எழுதிக்கொள்வது தவறு.

லைன் ஏன் அறுகிறது என்பதற்கும் நம் மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, குடிநீர்க் குழாய்க்கு ஒருமுறை, மின் கேபிளுக்கு ஒருமுறை என்று ஒரே தெருவை மாற்றி மாற்றித் தோண்டுகிறார்கள். ஜேசிபி ஓட்டுபவருக்குக் கீழே என்ன ஓடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. தோண்டும் முன் தகவல் கொடுப்பதற்கென்றே மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்று ஒரு செயலி கொண்டுவந்தது. தோண்டப் போகும் ஒப்பந்ததாரர் அதில் பதிந்தால், அங்கே கேபிள் வைத்திருக்கிற நிறுவனத்துக்குச் செய்தி போகும், அவர்களின் ஆள் வந்து இடத்தைக் காட்டுவார். இதற்குச் செலவும் இல்லை, நேரமும் பெரிதாகப் போகாது. மாநகராட்சி தன் ஒப்பந்தங்களில் இதைக் கட்டாயம் என்று ஒரு வரி சேர்த்தாலே தோண்டும்போது அறுவது பெருமளவு குறையும்.

ஃபைபர் வராத தெருக்களில் இப்போது ஏர்ஃபைபர் விற்கிறார்கள். ஜியோ இதை 2023 செப்டம்பர் 19-இல் தொடங்கியது, மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்து 5ஜி அலையில் வாங்குகிறார்கள். வேறு வழி இல்லாத இடத்தில் நல்ல ஏற்பாடுதான், தோண்டினால் அறுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஃபைபரும் ஏர்ஃபைபரும் ஒன்று என்று நினைத்து வாங்காதீர்கள். ஜியோவின் ஃபைபரில் 3.3 டிபி என்றால் அதன் ஏர்ஃபைபரில் 1 டிபிதான். அனுப்பும் வேகம் பொதுவாகவே குறைவு. எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர் சாயங்காலம் ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுக்கிறார், அவரிடம் படிக்கும் பிள்ளைகள் சார்ஜாவிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள். அவருக்கு இறங்கும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் முக்கியம், அது கம்மியானால் அவர் எழுதிக் காட்டுவது அந்தப் பக்கம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. உங்கள் ஒப்பீட்டில் அனுப்பும் வேகத்துக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் ஊரில் யாரும் மறக்க முடியாது. தாமிரபரணி கரை தாண்டி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகம் வரை தண்ணீர் வந்தது. மின்சாரம் போனது, செல்போன் டவர்களும் ஓய்ந்தன, வெளியூரில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட நாளில் எந்த நிறுவனத்தின் லைன் எத்தனை மணி நேரம் தாங்கியது, எதை முதலில் மீட்டார்கள் என்று ஒரு கணக்கு இருக்க வேண்டாமா? நம் மாவட்டத்துக்கு அதைவிட அவசியமான ஒப்பீடு வேறு இல்லை. வீட்டளவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மோடத்துக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் மின்தடையில் சில மணி நேரம் ஓடும். டவர் தூங்கினாலும் ஃபைபரில் வெளிச்சம் வரும்வரை வாட்ஸ்அப்பில் பேசிவிடலாம்.

வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய உரிமைகளும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை எடுக்காது. அதன் 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. இந்த இரண்டாவது படி இருப்பதைக் கால் சென்டரில் தானாகச் சொல்லவே மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். பிராட்பேண்ட் பழுது மூன்று வேலை நாளைத் தாண்டினால் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்று 2006-இலேயே டிராய் விதி போட்டது. எத்தனை பேர் அப்படி ஒரு கழிவை வாங்கியிருக்கிறோம்? அதற்கும் மேலே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தொலைத்தொடர்புக் குறைகளுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நம் ஊரிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது, வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம்.

டிராய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேவைத் தர அறிக்கை வெளியிடுவது உண்மைதான். ஆனால் அதில் எங்களுக்குக் கிடைப்பது தமிழ்நாடு முழுவதற்குமான சராசரி. சென்னை அண்ணா நகரையும் எங்கள் தச்சநல்லூரையும் சேர்த்துப் போட்ட சராசரியை வைத்து நான் என்ன முடிவு எடுப்பது? பழுது நேரத்தை மாவட்ட வாரியாகவாவது வெளியிடச் சொல்லி டிராய்க்கு உங்கள் பத்திரிகை தலையங்கமே எழுத வேண்டும். பழுதை முடித்ததாகக் கணக்கு வைக்கும் முன் வாடிக்கையாளரின் போனுக்கு ஓடிபி அனுப்பி அவர் சொன்னால்தான் முடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் அந்தப் பொய் எஸ்எம்எஸ்களும் நின்றுவிடும். கேஸ் சிலிண்டருக்கே ஓடிபி கேட்கிறார்கள், இதற்குக் கேட்க முடியாதா?

அது வரும்வரை உங்களால் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நெல்லைப் பதிப்பில் ஒரு கூப்பன் போடுங்கள். எந்தத் தெரு, எந்த நிறுவனம், கடைசியாக லைன் போனபோது சரியாக எத்தனை நாள் ஆனது, இவ்வளவு மட்டும் கேளுங்கள். பாளையங்கோட்டை, ஜங்ஷன், டவுன், பேட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்று பகுதி பிரித்து வந்ததை அப்படியே வெளியிடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கூப்பன் சேகரித்துத் தர ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பெருமாள்புரம், திருநெல்வேலி.