விரிவுரையாளராக வர நினைக்கும் மலருக்கு

அன்புள்ள மலர்,

"மெடிக்கல் கோடிங் கம்பெனியில் டார்கெட் தொல்லை தாங்கவில்லை மேடம், பேசாமல் கோடிங் சொல்லித்தரும் லெக்சரராக வந்துவிடலாமா?" என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா. ஆனால் டார்கெட்டுக்குப் பயந்து வராதே. இங்கேயும் அட்மிஷன், ரிசல்ட், பிளேஸ்மென்ட் என்று அது வேறு பெயரில் காத்திருக்கிறது. போதாக்குறைக்கு ஃபைல் வேலை வேறு.

நீ கொண்டுவரப்போகிற சொத்து வேறு. தினமும் நோயாளியின் சார்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய கோட் போட்டுப் பழகிய கண் உனக்கு இருக்கிறது. டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டைப் 2 டயாபடிஸ்' என்று ஒரு வரியும், 'சிகேடி ஸ்டேஜ் 3', அதாவது நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை என்று இன்னொரு வரியும் எழுதியிருப்பார். புதிதாக வந்த பிள்ளை சர்க்கரைக்கு ஈ11.9, சிறுநீரகத்துக்கு என்18 என்று தனித்தனியாகப் போட்டுவிட்டுப் போய்விடும். அமெரிக்க விதிப்படி, தொடர்பில்லை என்று டாக்டர் எழுதாதவரை இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே கொள்ள வேண்டும். ஆகவே முதலில் சர்க்கரையால் வந்த சிறுநீரக நோய்க்கான ஈ11.22, அதற்குப் பின்னால் ஸ்டேஜுக்கான கோட். அந்த ஸ்டேஜ் 3 கோடும் 2020 அக்டோபரில் மூன்றாகப் பிரிந்துவிட்டது. இதைப் புத்தகத்தை வைத்து நடத்தினால் வகுப்பு தூங்கும். தப்புக் கோட் போட்டு ஆடிட்டில் அடி வாங்கியவள் நடத்தினால் விழித்துக்கொண்டு கேட்கும்.

ஒரு சிக்கல் உண்டு. நம் மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில், அதாவது மருத்துவப் பதிவேட்டுத் துறையில், புழங்குவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் கோட் பட்டியலான ஐசிடி-10. உன் கம்பெனியில் புழங்குவது அதை விரித்து அமெரிக்கா வைத்திருக்கும் பதிப்பு. 2022 ஜனவரியில் ஐசிடி-11 வேறு நடைமுறைக்கு வந்தாகிவிட்டது. எந்தப் பதிப்பின் விதியைப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பாடம் நடத்துகிறவர்கள் நிறைய. நீ அதைச் செய்யாதே.

சரி, ஆராய்ச்சிக்கு என்ன எடுப்பது என்று கேட்டாயே, இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கோடிங் என்றால் அமெரிக்க இன்ஷூரன்ஸ் பில் என்று நம் பிள்ளைகள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் காரணத்தைப் படிவம் 4-இல் எழுதிக் கொடுக்க வேண்டும். 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிற படிவம் அது. குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவரைக் கண்ணாடி விரியன் கடிக்கிறது என்று வைத்துக்கொள். சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்தும் பலனில்லாமல் இறந்துபோகிறார். முதல் வரியில் சிறுநீரகச் செயலிழப்பு, அதற்குக் கீழே காரணமாகப் பாம்புக்கடி என்று வர வேண்டும். அடிப்படைக் காரணமான பாம்புக்கடிக்கு எக்ஸ்20 என்ற கோட். ஆனால் இரவு டியூட்டியில் அலுத்துப்போயிருக்கும் ஒருவர் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்', அதாவது இதயமும் மூச்சும் நின்றன என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். இறந்தவர் எல்லாருக்கும் இதயம் நின்றுதானே இருக்கும்! கோடர் கையில் கிடைப்பது அந்த ஒரு வரி, அவரும் இதயம் நின்றதற்கான ஐ46.9 போட்டு முடித்துவிடுவார். கணக்கில் பாம்பே காணாமல் போய்விடும். அப்புறம் விஷமுறிவு மருந்து எந்த ஊருக்கு எவ்வளவு வேண்டும் என்று எதை வைத்துத் திட்டமிடுவது?

நம் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர், இறந்தவர்களின் வீட்டாரிடம் விசாரித்து மரணக் காரணத்தைக் கண்டறியும் முறையைப் பின்பற்றினார்கள். 1994 முதல் 1999 வரையிலான தகவலை வைத்து அவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை விகிதம் வருடத்துக்கு லட்சம் பேருக்குச் சுமார் 95 என்று வந்தது. அன்றைய நாட்டளவிலான அரசுக் கணக்கைவிட அது பல மடங்கு அதிகம். காகிதத்தில் இருந்ததற்கும் வீட்டில் நடந்ததற்கும் அவ்வளவு தூரம்.

நீ அவ்வளவு பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரே மருத்துவமனையின் ஒரு வருடத்துப் படிவங்களை எடு. எத்தனையில் அடிப்படைக் காரணம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது, கேஸ் ஷீட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பார். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காமல் ஒரு ஃபைலையும் தொடாதே. பெயர், முகவரி எதையும் குறித்துக்கொள்ளாதே. இன்னொரு தலைப்பும் மனதில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வரும் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிக்கும் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்றுதான் இருக்கும். வேலையிடத்துப் பாதிப்புகளுக்கென்றே இசட்57 என்று ஒரு வரிசை இருக்கிறது, அது யாருக்கு நினைவிருக்கிறது?

தகுதி விஷயம் சுருக்கமாக: முதுகலை கட்டாயம் வேண்டும், பின்னால் பிஎச்.டி. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் நம் துறையும் இருப்பதால் விதிகள் இனி இறுகும். கோடர்களுக்கான சிபிசி சான்றிதழை விட்டுவிடாதே. இரண்டு வருடத்துக்கு 36 புள்ளிகள் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டே இரு. சாஃப்ட்வேரே கோட் போட்டுவிடும் என்று பயப்படுகிறாயே, அது சார்ட்டில் எழுதியதிலிருந்துதான் போடும். எழுதாமல் விட்டதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும்.

உன் சம்பளத்தைப் பற்றி அம்மா கவலைப்படுவதில் தப்பில்லை. முதல் சில வருடங்கள் இப்போது வாங்குவதைவிடக் குறையத்தான் செய்யும், அதை மறைக்காமல் சொல்லிவிடு. தங்கைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டி முடிக்கும்வரை வேலையை விடாதே. அதற்குள் முதுகலைக்கு விண்ணப்பித்துவிடு. எந்தத் தலைப்பு என்று முடிவானதும் ஒரு பக்கம் எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய கோடிங் மேடம்
வேலூர்