வரைந்து கொடுத்த படம் வேண்டாம், பிள்ளைகளே எண்ணட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிக் கணிதம் என்றாலே கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு என்ற அளவில் பேச்சை முடித்துக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். டர்பன் நகரில் பல ஆண்டுகள் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, இப்போது கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உதவிவரும் நான், அந்தப் பேச்சில் விடுபட்டுப்போகும் அமைப்புகள் (ஓர் ஒழுங்கில் தொடர்ந்து வரும் வடிவங்களும் எண்களும்), தரவுகள் (எண்ணியும் அளந்தும் திரட்டும் விவரங்கள்) என்னும் இரண்டு பகுதிகளைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்கு எழுத விரும்புகிறேன்.

தென்னாப்பிரிக்கப் பாடத்திட்டம் இவற்றைப் புறக்கணிக்கவில்லை. 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இன்றைய திட்டத்தில், முதல் வகுப்புக் கணிதத்தில் எண்களுக்கு 65 விழுக்காடும், அமைப்புகளுக்கு 10 விழுக்காடும், தரவுகளுக்கு 5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. 4 முதல் 6 வரையிலான வகுப்புகளில் தரவுகளின் பங்கு 10 விழுக்காடாகிறது. பங்கு சிறியது என்பது என் குறை அன்று. திரட்டுதல், வகைப்படுத்துதல், வரைதல், படித்துப் பொருள் கூறுதல் என்ற முழுச் சுழற்சியையும் பாடத்திட்டம் கேட்க, பயிற்சித்தாளோ முதல் மூன்று படிகளையும் தானே முடித்துவிட்டு, "எந்தப் பழம் அதிகம் பேருக்குப் பிடிக்கும்?" என்ற கடைசிக் கேள்வியை மட்டும் பிள்ளையிடம் நீட்டுகிறது. உயரமான பட்டையைச் சுட்டிக்காட்ட எந்தப் பிள்ளைக்கும் கணிதம் தேவையில்லை.

சிந்தனை பிறக்கும் இடம் எண்ணத் தொடங்கும் இடமே. மூன்றாம் வகுப்பில் "நீங்கள் எப்படிப் பள்ளிக்கு வருகிறீர்கள்?" என்று கேட்டு, நடை, மினிபஸ் டாக்சி, கார் என்று மூன்று கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு விடைக்கும் ஒரு கோடும் ஐந்தாவதற்குக் குறுக்குக் கோடும் இடச் சொன்னேன். உடனே ஒரு சிறுமி எழுந்து, தான் நடந்துதான் வருவதாகவும், மழை பெய்தால் மட்டும் டாக்சியில் வருவதாகவும் சொல்லி, தன் கோட்டை எங்கே போடுவது என்று கேட்டாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. இரண்டிலும் போடலாம் என்றான் ஒருவன். அப்படிப் போட்டால் மொத்தம் வகுப்பிலுள்ளவர்களைவிட அதிகமாகிவிடும் என்று மற்றொருவன் மறுத்தான். கடைசியில் "இன்று காலை எப்படி வந்தீர்கள்?" என்று கேள்வியையே மாற்றினார்கள். கேள்வி தெளிவில்லாவிட்டால் விடைகளை எண்ண முடியாது என்பதையும், ஒருவர் ஒரு கட்டத்தில் மட்டும் இடம்பெற்றால்தான் மொத்தம் சரியாக வரும் என்பதையும் எட்டு வயதுப் பிள்ளைகள் தாமே கண்டுகொண்டார்கள். அச்சிட்டு வந்த படத்தில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை.

எந்தத் தரவுக்கு எந்தப் படம் என்பதையும் அவர்களே வரைந்து பார்க்கட்டும். ஸ்காட்லாந்தின் வணிகக் கணக்கில் ஓராண்டுப் புள்ளிவிவரங்களே கைவசம் இருந்ததால், அதைக் காலக் கோடாக இழுக்க இயலாத, விளக்கப்படங்களின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர், 1786இல் வெளியிட்ட தம் நூலில் அதற்குப் பட்டை விளக்கப்படத்தைக் கையாண்டார். இன்றைய பிள்ளைகள் மாம்பழப் பட்டையின் உச்சியையும் வாழைப்பழப் பட்டையின் உச்சியையும் கோட்டால் இணைத்துவிடுகிறார்கள். இரண்டு பழங்களுக்கு இடையில் அந்தக் கோடு எதைக் காட்டுகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்த வெப்பநிலையைக் கொடுத்தால் அந்தக் கோட்டுக்குப் பொருள் வந்துவிடுகிறது. அளவுத்திட்டம் இன்னும் முக்கியம். 52, 56 என்ற இரண்டு எண்களுக்குரிய பட்டைகளைச் சுழியத்திலிருந்து வரைந்தால் ஏறக்குறையச் சமமாக நிற்கும். அளவுகளைக் குறிக்கும் அச்சுக்கோட்டை 50இல் தொடங்கினால் ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு உயரும். ஒரே எண்களை இரண்டு விதமாகவும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த பிள்ளை, நாளை தேர்தல் விளம்பரத்தைப் பார்க்கும்போதும் முதலில் அச்சைத்தான் பார்க்கும்.

அமைப்புகளுக்கு வருகிறேன். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மணிகளுக்கு வண்ணம் தீட்டுவதோடு இந்தப் பாடம் பல வகுப்புகளில் நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப வரும் அமைப்பு தொடக்கத்திற்குப் போதும். வளரும் அமைப்புதான் இயற்கணிதத்திற்கு வாசல். அதைக் கற்பிக்க நம்மிடம் கோலத்தைவிடச் சிறந்த கருவி எனக்குத் தெரியவில்லை. பொங்கல் சமயத்தில் டர்பனில் நான் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வாசலில் கோலம் போடும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். நேர்ப்புள்ளியில் நடுவரிசை 7, முடிவு 1 என்று வைத்தால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமைந்து மொத்தம் 25 புள்ளிகள். நடுவரிசையை 1, 3, 5, 7, 9 என்று வளர்த்துக்கொண்டு போனால் மொத்தம் 1, 5, 13, 25, 41 என்று ஏறும். அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்க்கச் சொன்னால் 4, 8, 12, 16 என்று நான்காம் வாய்ப்பாடு வந்து நிற்கிறது. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசையின் புள்ளி வரும் இடுக்குப்புள்ளியில் நடுவரிசை 7, முடிவு 4 என்று வைத்தால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று அமைந்து மொத்தம் 37. சிறியதிலிருந்து பார்த்தால் 1, 7, 19, 37, அவற்றின் வேறுபாடுகளோ 6, 12, 18. நேர்ப்புள்ளி நான்கால் வளர்கிறது, இடுக்குப்புள்ளி ஆறால் வளர்கிறது, ஏன் என்று கேட்டுவிட்டு ஆசிரியர் விலகி நிற்க வேண்டும். சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களையும் அறுகோணத்தின் ஆறு பக்கங்களையும் விரலால் தடவிப் பார்த்து, விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நம் தோழமைச் சமூகங்களின் மணிக்கோவைகளிலும் இந்நாட்டு நிடெபெலே மக்களின் சுவரோவியங்களிலும் இதைப்போன்ற பாடங்கள் இருக்கின்றன. அவற்றை அந்தப் பிள்ளைகளின் பாட்டிமார் வந்து கற்பித்தால்தான் சிறப்பு.

தரவுகளுக்கோ இந்த மண்ணின் தமிழர்களிடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு செல்வம் இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் என்று கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, வயதுகளை 0 முதல் 9 வரை, 10 முதல் 19 வரை எனப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டை விளக்கப்படம் வரையட்டும். பெரும்பாலான பக்கங்களில் 20 முதல் 29 வரையிலான பட்டையே ஓங்கி நிற்கும். 50க்கு மேற்பட்ட கட்டம் காலியாகவோ காலியை ஒட்டியோ இருக்கும். கரும்புத் தோட்டத்திற்கு யாரைத் தேடி எடுத்தார்கள் என்பதை அந்தப் படம் சொல்லிவிடும். அதே பட்டியலில் சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதை மறைக்க வேண்டாம், எண்ணவும் வேண்டாம். இந்தக் கட்டத்தை யார் எதற்காகப் போட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், தரவு தானாக விளைவதில்லை, ஒருவர் தம் தேவைக்காகத் திரட்டுவது என்று பெரியவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பள்ளி ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களுடைய சுமையை நான் அறிவேன். 40க்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கோல மாவைப் பரப்புவது எளிதன்று. ஆகவேதான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளை வேண்டுகிறேன். அங்கே பிள்ளைகள் குறைவு, தேர்வு நெருக்கடி இல்லை, எண்ணுப்பெயர்களைத் தமிழில் பழக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. கோலப்புள்ளிகளைத் தமிழில் எண்ணும் பிள்ளை இரண்டு பாடங்களை ஒருசேரக் கற்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் விளக்கப்படங்களை வண்ணத்தில் அச்சிடுகிறீர்கள். அவை அழகாகவே இருக்கின்றன. வாரம் ஒருமுறை மட்டும் படத்தை விட்டுவிட்டு, சென்னையிலும் டர்பனிலும் அந்த வாரத்தில் நாள்தோறும் பெய்த மழையின் அளவை வெறும் எண்களாக, பக்கத்தில் கட்டத்தாளோடு வெளியிடுங்கள். படத்தைப் பிள்ளைகள் வரைந்து அனுப்பட்டும். எங்கள் வகுப்பிலிருந்து முதல் வாரமே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.