எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கடந்த பருவத்தோடு கழக உதைபந்தாட்டத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தேசிய அணியின் சீருடையை நான் அணிந்ததில்லை. மட்டக்களப்பிலும், பின்னர் கொழும்பு, குருநாகல், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களின் கீழ்ப்பிரிவுக் கழகங்களிலும் இடது பின்களத்தில் ஆடியவன் நான். அத்தகைய வீரனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. போட்டிக்கு ஒரு சிறு தொகையும் பயணச் செலவும் கிடைக்கும், சில பருவங்களில் அதுவும் பிந்தியே வரும். ஆகவே நான் இத்தனை காலம் ஆடினேன் என்றால், அதற்கான செலவை வேறு யாரோ ஏற்றிருக்கிறார்கள். பலர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவர்கள் செய்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வணக்கம் என் பாடசாலை ஆசிரியருக்கு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்லடிக் கரையோரத்தை அழித்த பின், நாங்கள் முகாமில் இருந்த நாட்களில், தன் வீட்டையும் இழந்திருந்த அவர் எங்கிருந்தோ ஒரு பந்தைத் தேடிக் கொண்டுவந்து மாலைதோறும் எங்களை ஒன்று சேர்த்தார். இடது காலால் பந்தை நிறுத்தவும், எதிராளியின் கண்ணைப் பாராமல் பந்தையே பார்க்கவும் அவரிடம்தான் கற்றேன். பின்னர் வெபர் மைதானத்தில் முதன்முறையாக இறங்கியபோது, அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்த வெபர் அடிகளாரைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவரே.

காத்தான்குடி ஹாஜியார் அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரிது. அவருடைய இரும்புச் சாமான் கடையில் வேலை செய்துகொண்டேதான் கொழும்பில் ஆடினேன். சனிக்கிழமை இரவு ரயிலேறி, விடிந்ததும் கோட்டையில் இறங்கி, ஞாயிறு மாலை போட்டியை முடித்துக்கொண்டு அன்றிரவே திரும்பினால், திங்கள் காலை கடைக்குத் தூக்கம் கலையாத கண்ணோடுதான் வர முடியும். அவர் ஒருநாளும் கடிந்ததில்லை. கணக்கு எழுதும் வேலையைத் தந்துவிட்டு, கம்பி தூக்கும் வேலையை மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்பார். நோன்பு மாதத்தில் கடையில் கூட்டம் நெரிந்தபோதும் என் சனிக்கிழமையை அவர் பறிக்கவில்லை. கீழ்ப்பிரிவு வீரர்களுள் பலர் திறமை குறைந்து நிற்பதில்லை, விடுமுறை கிடைக்காமலே நின்றுவிடுகிறார்கள் என்பது நான் கண்கூடாகக் கண்டது.

குருநாகலில் என்னோடு அறையைப் பகிர்ந்த சிங்கள நண்பர், பயிற்றுநர் இடைவேளையில் வேகமாகச் சொன்னவற்றை எனக்குப் புரியும் வரை மெதுவாகத் திருப்பிச் சொல்வார்; அவருடைய தாயார் எனக்கும் சேர்த்தே சோறு கட்டி அனுப்புவார்.

முழங்காலுக்குள் இருக்கும் முன் இணைப்பு நார் அறுந்தபோது, இனி ஆடமாட்டேன் என்றே ஊரில் பேசினார்கள். தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்த நாரை அந்த இடத்தில் பொருத்தும் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தாலும், தொடைத் தசை மீண்டும் வலுப்பெறப் பல மாதம் பிடிக்கும். ஓட்டம் வந்துவிட்டது என்று நான் அவசரப்பட்டபோதெல்லாம், நேராக ஓடுவது வேறு, திரும்பி வெட்டி ஓடுவது வேறு என்று சொல்லித் தடுத்து நிறுத்திய இயன்மருத்துவ உத்தியோகத்தர் அம்மாவுக்கு நன்றி. அதன் பின் நான் ஆடிய ஒவ்வொரு பருவமும் அவருடையது.

பஸ் நிலையத்தருகே சப்பாத்துத் தைக்கும் ஐயாவையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிறவல் மைதானங்களில் அடிக்குமிழ்கள் தேய்ந்து, முன்விளிம்பு வாய் பிளந்துவிடும். புதியது வாங்க வழியில்லாத காலங்களில், பசை பூசி மெழுகு நூலால் அவர் தைத்த தையல், சப்பாத்தின் தோல் கிழிந்த பின்னும் கிழியவில்லை.

2022இல் எரிபொருளுக்கு வரிசை நின்றபோது, வாரத்துக்கென அளந்து கிடைத்த பெட்ரோலில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து எங்களைப் பயிற்சிக்கு ஏற்றிச் சென்ற முச்சக்கரவண்டிக்காரத் தம்பிக்கும், விடிவதற்கு முன்பே மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர்களுக்கும், தோற்ற பக்கத்தின் வசவுகளைக் கேட்டுக்கொண்டு நேர்மையாக ஊதிய மத்தியஸ்தர்களுக்கும் என் வணக்கம். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தின் பார்வையாளர்கள் எதிரணியில் ஆடிய என்னையும் நல்ல தடுப்பொன்றுக்குக் கைதட்டிப் பாராட்டியவர்கள். ஆட்டம் அறிந்த அப்படியொரு கூட்டத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

என் மனைவிக்கு: வார இறுதிகள் எல்லாவற்றையும் எனக்கு விட்டுக்கொடுத்து, பிள்ளைகளின் காய்ச்சலையும் கல்யாண வீடுகளையும் தனியே பார்த்துக்கொண்டவர் நீங்கள். இதை ஊரறிய எழுதுவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

எங்கள் கழகச் சிறுவர்களுக்குச் சனிக்கிழமை மாலைகளில் பயிற்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். கட்டணம் எதுவும் இல்லை. பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் கழகச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். சப்பாத்து இல்லாத பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற பின்கள வீரர்,
கல்லடி, மட்டக்களப்பு.